அப்பா வைத்த மாமரமும் அடுத்த வீட்டு மதில்சுவரும்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் அப்பா வைத்த இமாம் பசந்த் ஒட்டு மாமரம் நிற்கிறது. வயது முப்பத்தைந்துக்கு மேல், அடிமரச் சுற்றளவு ஆறடி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பெரிய கிளை ஒன்று கிழிந்து தொங்கியது. கிடைத்த ஆளைப் பிடித்து, ஒரு முழம் கட்டையை விட்டு வெட்டியிருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் பொந்து விழ, வீட்டு வேலைக்கு வந்த கொத்தனாரே சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். இப்போது அதன் ஓரத்தில் பிசின் வடிகிறது, கீழே மரத்தூள் கொட்டுகிறது. மூன்று வருடமாகக் காய்ப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உச்சியில் ஒரு கொப்பு மட்டும் தடித்த இலையோடு செழித்து, பருவம் தப்பிப் பூக்கிறது.

கிழக்கே அடுத்த வீட்டுக்காரர் சென்ற வருடம் புது மதில்சுவர் கட்டினார். தன் மொட்டைமாடிக்கு மேல் நீளும் கிளையால் தண்ணீர்த் தொட்டியில் இலை விழுகிறது, அடுத்த புயலில் மரம் தன் வீட்டின் மேல்தான் சாயும், மரத்தையே எடுங்கள், இல்லாவிட்டால் மனுக் கொடுப்பேன் என்கிறார். சித்தப்பாவோ, "பாதி உயரத்தில் மொட்டை அடித்துவிட்டால் எல்லாம் தீரும், புதிதாகத் துளிர்த்துக் காயும் பிடிக்கும்" என்கிறார். மரம் வெட்ட வந்தவர், கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். உரக்கடைக்காரர், பூக்க வைக்கும் 'கல்டார்' மருந்தை ஊற்றச் சொல்கிறார். வாசல் வேம்பு போன ஐப்பசியில் கருகியது. சித்திரையில் துளிர்த்தும் நுனிகள் காய்ந்த குச்சியாகவே நிற்கின்றன. அதையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

"அப்பாவின் மரத்தைக் கொன்ற பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் என் பிள்ளைகள் தூங்கும் அறை அந்த மரத்துக்கு நேர் மேற்கே இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எல்லாரும் மரத்தின் தலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எதை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, யார் வெட்டுவது என்றே பேச்சு போகிறது. எனக்குக் கண் நின்றது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்: "மதிலுக்கு மரத்திலிருந்து நாலடி தள்ளித்தான் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினார்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை." உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் அந்த நாலடியைப் பார்த்தாக வேண்டும்.

வேரிலிருந்து தொடங்குவோம்

ஆறடிச் சுற்றளவு என்றால் அடிமரத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டடி. குறுக்களவைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது உங்கள் மரத்துக்கு ஆறடிக்குள், வேரை வெட்டினால் அது மரம் நிற்கும் பலத்தையே பாதிக்கும் என்பது மரப் பராமரிப்பில் வழக்கமாகக் கைக்கொள்ளும் கணக்கு. நாலடி அதற்குள் வந்துவிடுகிறது. ஆணிவேர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இந்த வயது மரத்தைப் பிடித்து நிறுத்துவது மேல்மண்ணில் நாலாபக்கமும் ஓடும் தடித்த பக்கவேர்கள்தான். அவை கொப்பு பரந்திருக்கும் எல்லையையும் தாண்டி ஓடும். வெட்டிய வேர் அன்றைக்கே இலையில் தெரியாது. மரத்தின் கையிருப்பு தீரும்வரை அது பசுமையாகவே நிற்கும். 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்ல ஒரு வருடம் போதாது.

இதில் நீங்களும் அடுத்த வீட்டுக்காரரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறதோ அந்தப் பக்கத்து வேர்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. கூடாரக் கயிறு போல. கிழக்குப் பக்கத்து வேர்கள் போயிருந்தால், கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மரம் மேற்கே சாயும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரத்துக்கு வலுத்த காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறது. ஆகவே மரம் தன் வீட்டில் விழும் என்று அடுத்த வீட்டுக்காரர் பயப்படுகிறார். கணக்குப்படி பயப்பட வேண்டியவர் நீங்கள். பிள்ளைகளின் அறை மேற்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைச் சொல்வது உங்களைக் கலங்கடிக்க அல்ல. வேர் எவ்வளவு போனது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மதில் கட்டிய கொத்தனாரைக் கேளுங்கள்: கைத்தண்டை மொத்தத்தில் எத்தனை வேர் அறுத்தார்? ஒன்றிரண்டு என்றால் ஒரு மாதிரி, "வரிசையா அறுத்துத்தாங்க தோண்டினோம்" என்றால் வேறு மாதிரி. அடுத்து, நன்றாக மழை பெய்து ஓய்ந்த பிறகு காற்றடிக்கும் ஒரு நாளில், தள்ளி நின்று, கிழக்குப் பக்கத்து அடிமண்ணைப் பாருங்கள். மரம் ஆடும்போது மண் மூச்சு விடுவது போல் எழும்பித் தாழ்ந்தாலோ, அரைவட்டமாக வெடிப்பு விட்டிருந்தாலோ, அடிமரம் முன்பைவிடச் சாய்ந்திருந்தாலோ, யாரையும் மரத்தில் ஏற்ற வேண்டாம். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலும் அப்படியே. அந்த நிலையில் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது, பற்றிப் பேசிப் பயனில்லை; மரத்தை எடுப்பதே சரியாக இருக்கலாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சொல்லி, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த முடிவை நான் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

அதுவரை, புயல் எச்சரிக்கை வந்த இரவுகளில் பிள்ளைகளை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

இனி நான் எழுதுவதெல்லாம், மண்ணில் அசைவு இல்லை, மரம் உறுதியாகத்தான் நிற்கிறது என்று தெரிந்தால் பொருந்தும்.

சித்தப்பா சொல்லும் மொட்டை

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளைப் புதுப்பிக்க, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்குத் தாய்க்கிளைகளைக் குறைத்து வெட்டும் முறை இருக்கிறது. தோட்டக்கலைத் துறையே அதைப் பரிந்துரைப்பதும் உண்டு. ஆனால் அது தோப்பு வேலை. வெட்டியபின் முளைக்கும் நூற்றுக்கணக்கான துளிரில் கிளைக்கு நாலைந்தை மட்டும் விட்டு மீதியை மாதாமாதம் கழிக்க ஆள் வேண்டும், தண்டைத் துளைக்கும் வண்டுக்குக் காவல் வேண்டும், இரண்டு மூன்று வருடம் காயில்லாமல் காத்திருக்கவும் வேண்டும். இவ்வளவும் வேர் முழுதாக இருக்கும் மரத்துக்கு.

உங்கள் மரத்துக்கு அது ஏன் ஆகாது? அறுந்த வேர் மறுபடி ஓட வேண்டுமானால் அதற்கான மாவுச்சத்தைக் கொடுப்பது இலை. வேர் போன மரத்தின் இலையையும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டு பக்கமும் அடி. பிழைத்துத் துளிர்த்தாலும், மொட்டைக் கட்டையில் வரும் துளிர்கள் பட்டைக்கு அடியில் தூங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து வருபவை. இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, தாய்மரத்துக்குள் ஆண்டுக்காண்டு வளையமாகப் பின்னிக் கிடக்கும். இந்தத் துளிர்களோ மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பவை. நாலைந்து வருடத்தில் அவை தொடை மொத்தம் பருக்கும், அடியில் கட்டை அழுகிக்கொண்டிருக்கும். அப்போது வரும் புயலில் முறிந்து விழப்போவது அவைதான். புயலுக்குப் பயந்து மொட்டை அடிப்பது, அடுத்த புயலுக்கு ஆபத்தைத் தயார் செய்து வைப்பதாகத்தான் முடியும்.

புயலுக்கு உண்மையில் உதவுவது நீண்ட கிளைகளின் நுனியைக் குறுக்குவது. காற்று பிடிக்கும் பரப்பும், கிளையின் நெம்பும் நீளமும் இரண்டும் குறைகின்றன. வெட்டும் இடம் சும்மா நடுவில் இருக்கக் கூடாது. போகும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள ஒரு பக்கக்கிளை பிரியும் கவட்டையில் வெட்டினால், அந்தப் பக்கக்கிளை நுனிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். கட்டை காயாது, துளிர்க் கூட்டமும் கிளம்பாது.

நம்மூர் வெட்டாட்கள் செய்யும் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அடியிலிருந்து ஏறிக்கொண்டே கைக்கு எட்டும் உள்கொப்புகளையெல்லாம் சுத்தமாகச் சீவிவிட்டு, நுனியில் மட்டும் கொத்தாக இலையை விட்டுவிடுவார்கள். கீழிருந்து பார்க்க மரம் 'கிளீனாக' இருக்கும். ஆனால் பாரம் முழுதும் நுனிக்குப் போய்விடும், கிளை சாட்டை மாதிரி ஆடும். உள்ளே இருக்கும் சின்னக் கொப்புகளில் பாதியாவது இருக்கட்டும்.

எப்போது, எவ்வளவு

இமாம் பசந்த் அறுவடை முடிந்துவிட்டது. ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள், அதாவது ஆகஸ்டில், வேலையை முடித்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். மாவில் பூங்கொத்து வருவது முதிர்ந்த கொப்பின் நுனியில். இப்போது வெட்டினால் வரும் துளிர் மார்கழி, தைக்குள் முதிர நேரம் கிடைக்கும்; தாமதித்தால் அந்த வருடப் பூ போச்சு. இரண்டாவது, அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வெட்டுவாய் காய்ந்துவிடும். அடைமழையில் வெட்டிய காயத்தில்தான் நுனிக்கருகல் பூஞ்சணம் சுலபமாக இறங்குகிறது.

நல்ல நிலையில் இருக்கும் மரத்திலேயே ஒரு வருடத்தில் பச்சை இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. உங்கள் மரத்தில் இந்த வருடம் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. காய்ந்த கொப்பு இந்தக் கணக்கில் சேராது. அதை முழுதாக எடுங்கள். அடுத்து, கிழக்கே மாடிக்கு மேல் நீளும் கிளையையும் மேற்கே பிள்ளைகள் அறைக்கு மேல் நீளும் கிளைகளையும் நுனிகுறுக்குங்கள். நடுமரத்தில் ஒன்றோடொன்று உரசும் கொப்புகளை எடுத்து வெளிச்சம் விடுவதை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மரம் எப்படித் துளிர்க்கிறது என்பதும் தெரிந்துவிடும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உள்கவாத்து போதும்.

வெட்டும் இடம்

மனிதருக்குக் காயம் ஆறுவதுபோல் மரத்துக்கு ஆறாது. அழுகிய திசுவை மாற்றிப் புதுத் திசு வைக்க மரத்துக்கு வழியில்லை. அது செய்வதெல்லாம் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையைச் சுற்றி வளர்ப்பதுதான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, 1970களில் இதை விளக்கினார். உலகம் முழுக்கக் கவாத்து முறை மாறியது அதன் பிறகுதான். வெட்டியபின் எதைத் தடவினோம் என்பதைவிட, எங்கே வெட்டினோம் என்பதுதான் முக்கியம் என்று ஆனது.

கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், சற்றே புடைத்த, சுருக்கம் விழுந்த வளையம் தெரியும். அந்தத் தடுப்பை எழுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. அதை ஒட்டி, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மரத்தோடு மரமாக வழித்து வெட்டினால் வளையம் போய்விடும், தடுப்பு எழாது. ஒரு முழம் விட்டு வெட்டினால், கஜாவுக்குப் பிறகு உங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்: கட்டை காய்ந்து, அழுகி, அதன் வழியே அழுகல் உள்ளே இறங்கும்.

மணிக்கட்டை விடப் பருத்த கிளை எதுவானாலும் மூன்று வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். தாய்மரத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே தள்ளி, இரண்டாவதாக மேலிருந்து கீழே அறுத்தால் பாரம் விழுந்துவிடும், பட்டை உரிந்துகொண்டு போகாது. மீதமுள்ள கட்டையை வளையத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுக்கலாம். அரிவாள் விரல் மொத்தக் கொப்புக்கு ஆகும். அதற்கு மேல் ரம்பம்தான். அரிவாளால் கொத்திய வெட்டுவாய் சிலும்பிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும்.

பழைய கட்டை, சிமெண்ட், மரத்தூள்

மரத்தூள் கொட்டுவது தண்டுத் துளைப்பான். நீண்ட உணர்கொம்புள்ள வண்டு, பட்டை வெடிப்பிலும் பழைய காயத்திலும் முட்டை வைக்கும். புழு உள்ளே சுரங்கம் தோண்டும். தூள் ஈரமாக, புதிதாக இருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். துளையைக் கண்டுபிடித்து, நுனி வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுப் புழுவை இழுத்தோ குத்தியோ எடுத்துவிட்டுக் களிமண்ணால் அடையுங்கள். சில நாளில் மறுபடி தூள் கொட்டினால் மறுபடி செய்யுங்கள்.

துளைக்குள் 'மாத்திரை' போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் வெளிவரும் வாயு, அறையில் தூங்கும் பிள்ளையைக் கொல்லக்கூடியது. பஞ்சில் நனைத்து வைக்கப் பழைய புத்தகங்களில் சொல்லும் டைகுளோர்வாஸ் மருந்தும் 2020 முடிவோடு தடைசெய்யப்பட்டுவிட்டது.

சிமெண்ட் விஷயத்தில் கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் புத்தகங்களே அப்படிச் சொல்லின. மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. இடைவெளி விழும், அதில் மழைநீர் இறங்கித் தங்கும். ஆனாலும் இப்போது உளி வைத்து எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டாம். மரம் உள்ளே எழுப்பியிருக்கும் தடுப்பும் அதோடு உடையும். தானாக ஆடும் துண்டுகளை மட்டும் எடுங்கள். செத்த கட்டையை, உயிருள்ள பட்டை சுற்றி வளர்ந்திருக்கும் விளிம்பைத் தொடாமல், அதுவரை அறுத்துவிடலாம். சிமெண்ட் இருக்கும் இடத்தில் செயின் ரம்பம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கிலி தெறித்தால் ஆளுக்கு ஆபத்து.

வெட்டுவாயில் சாணியோ பெயிண்டோ வேண்டாம். எதுவும் தடவாவிட்டாலும் சின்னக் காயங்களை மரம் பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் வெட்டிய இரண்டு மாதத்தில் அடைமழை பிடித்துக்கொள்வதாலும், துளைப்பான் ஏற்கெனவே இருப்பதாலும், பெரிய வெட்டுவாய்களுக்கு மட்டும் போர்டோ பசை பூசுங்கள். அது காயத்தை ஆற்றாது. முதல் மழைக்காலத்துக்குப் பூஞ்சணத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பிறகு சேர்த்துக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே பூசிவிடுங்கள். நிழல் போய் வெயில் படும் தாய்க்கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தால் பட்டை வெந்து வெடிக்காது.

செழித்துப் பூக்கும் அந்த ஒரு கொப்பு

உங்களுக்கு நம்பிக்கை தந்த அந்தக் கொப்பு மாமரமே அல்ல என்று நினைக்கிறேன். தடித்த இலை, குழல் போன்ற செம்மஞ்சள் பூ என்று நீங்கள் எழுதியிருப்பது புல்லுருவி. பூக்கொத்திப் பறவைகள் அதன் பழத்தைத் தின்று, பசையுள்ள விதையைக் கொப்பில் ஒட்டிவிட்டுப் போகும். அது முளைத்து மரத்தின் கட்டைக்குள் உறிஞ்சியை இறக்கி, நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். தழையை மட்டும் பறித்தால் மறுபடி தழைக்கும். ஒட்டியிருக்கும் முடிச்சுக்கு ஒன்றரை அடி கீழே, மாங்கொப்போடு சேர்த்து வெட்ட வேண்டும். தாய்க்கிளையிலேயே ஒட்டியிருந்தால் முடிச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் வெட்டு இதுவாகவே இருக்கட்டும்.

காய்ப்பு

இமாம் பசந்த் இயல்பிலேயே கஞ்சக் காய்ப்பு. ஒரு வருடம் பிடித்தால் அடுத்த வருடம் ஓயும். சுவைக்காக வைப்பதுதான் அந்த மரத்தை. அதோடு வேர்க்காயம், புல்லுருவி, உள்ளே வெளிச்சம் இல்லாதது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கவாத்து செய்த மறுவருடமே கூடை கூடையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்டார் கண்டிப்பாக வேண்டாம். அதிலுள்ள பாக்ளோபூட்ரசால் வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் மருந்து. இப்போது உங்கள் மரத்துக்கு வளர்ச்சிதான் தேவை. கிழக்குப் பக்கம் மண்ணைக் கொத்தாமல், மட்கிய தொழுவுரம் பரப்பி, காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் விடுங்கள். மூடாக்கு அடிமரத்தைத் தொட வேண்டாம்.

அடுத்த வீட்டுக்காரரும் சட்டமும்

நான் வக்கீல் இல்லை. மரத் தகராறுகளில் கருத்துக் கேட்டு அழைக்கப்பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். தன் எல்லைக்குள் நீளும் கிளையை, தன் பக்கத்தில் நின்றபடி, எல்லை வரை வெட்ட அவருக்கு உரிமை உண்டு என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நிலை. உங்கள் கொல்லைக்குள் வந்து வெட்டவோ, மரத்தைச் சாகடிக்கவோ உரிமை இல்லை. மனுக் கொடுப்பேன் என்பது வெறும் மிரட்டல் என்றும் தள்ளிவிடாதீர்கள். விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு; 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. அது ஆபத்தைப் பற்றியது. தொட்டியில் இலை விழுவதற்கு அவர் தொட்டிக்கு மூடி போட்டுக்கொள்ளலாம்.

வானம் தோண்டி வேரை அறுத்தது அவர்தான் என்று சண்டையை அங்கே தொடங்க வேண்டாம். அது எப்போதும் கையில் இருக்கும் வாதம். முதலில் அவரைக் கூப்பிட்டு, அவர் பக்கத்துக் கிளையை எங்கே வெட்டப் போகிறீர்கள் என்று நேரில் காட்டுங்கள். அவராக வெட்டினால் எல்லைச் சுவரின் நேர்கோட்டில்தான் வெட்டுவார். அது மரத்துக்குக் கேடு. நீங்கள் வெட்டினால் சரியான கவட்டையில் வெட்டலாம். அலுவலர் பார்த்து எழுதித் தரும் குறிப்பின் நகல் ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள்.

வெட்டும் ஆள்

விறகைக் கூலியாக எடுத்துக்கொள்பவருக்கு எந்தக் கிளை மேல் கண் போகும்? பருத்த கிளை மேல்தான். அது அவர் குணக்கேடு இல்லை, ஒப்பந்தத்தின் கோளாறு. பணமாகக் கூலி பேசுங்கள், விறகு உங்களுடையது. ஏறுவதற்கு முன்பே வெட்டும் இடங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோடு இல்லாத இடத்தில் ரம்பம் படக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஆணிக் கொக்கி கட்டிய காலோடு ஏற விடாதீர்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் ஏறக் கூடாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளையை ஒட்டி ஓடினால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை. மாம்பால் தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும். முழுக்கைச் சட்டை போட்டிருக்கட்டும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கீழே நிற்க வேண்டாம்.

வேம்பு

வேம்பை எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் நுனி கருகிப் பழுப்பது நம் மாநிலத்தில் பரவலாகக் காணும் நோய். ஒரு பூஞ்சணமும், குருத்தில் சாறு உறிஞ்சும், தேயிலைக் கொசு என்று பெயர் கொண்ட ஒரு பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை. ஊரெல்லாம் வேம்பு செத்துவிட்டதென்று பேச்சு கிளம்பும், பங்குனியில் பெரும்பாலானவை துளிர்த்துவிடும். உங்களுடையதும் துளிர்த்திருக்கிறது. மழையில்லாத நாளாகப் பார்த்து, காய்ந்த குச்சிகளை மட்டும் பச்சை தெரியும் இடம் வரை ஒடித்து எரித்துவிடுங்கள். எதுவரை உயிர் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் அது இருக்கட்டும். எட்டாத உயரத்தில் இருப்பவற்றுக்காக ஆளை ஏற்ற வேண்டியதில்லை, காற்றில் தானே உதிரும். வேம்பில் வெட்டிய ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் வேறு வேம்புக்குக் கொண்டு போகாதீர்கள்.